மெக்காலே சொல்லாததும் சொன்னதும்: அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு உண்மையா?

ஒரு பழைய ஓவியம், பக்கத்தில் நாலு வரி ஆங்கிலம். இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்தாராம், ஒரு பிச்சைக்காரர்கூடக் கண்ணில் படவில்லையாம், இந்த நாட்டை அடக்க வேண்டுமானால் கல்வியையும் பண்பாட்டையும் உடைக்கணுமாம். 1835 பிப்ரவரி 2-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே இப்படிப் பேசினார் என்று உங்க ஃபேமிலி குரூப்பில் ஒரு தடவையாவது வந்திருக்கும்.

அது போலி. அந்தத் தேதியில் மெக்காலே லண்டனிலேயே இல்லை, கல்கத்தாவில் இருந்தார். இந்தியா வந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை. சரி, அப்போ அவர் நல்லவரா? அவசரப்பட வேண்டாம். அவர் நிஜமாகவே எழுதியது, இந்த ஃபார்வர்டைவிட அதிகமாகச் சுடும்.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1800 அக்டோபர் 25-ல் பிறந்தவர். அப்பா சக்காரி, அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர். மகன் கேம்பிரிட்ஜில் படித்து, 25 வயதிலேயே கட்டுரையாளராகப் பெயர் வாங்கி, 1830-ல் எம்.பி. ஆனார். பேச்சில் சூரர், ஆனால் கையில் காசு இல்லை. அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் கவர்னர் ஜெனரல் கவுன்சிலில் சட்ட உறுப்பினர் பதவி வந்தது. சம்பளம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. சில வருஷம் வேலை பார்த்துச் சேமித்தால் வாழ்க்கை முழுக்கக் கவலை இல்லை. ஃபாரின் வேலை கணக்குதான்!

1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உடல்நலத்துக்காக ஊட்டியில் இருந்ததால், பெங்களூரு, மைசூரு வழியாக அங்கே பயணம். எதில்? பல்லக்கில். மனிதர்கள் தோளில் ஏறி மலை ஏறியவர், இந்தியாவில் ஏழைகளே இல்லை என்று சொன்னதாக நாம ஃபார்வர்டு செய்கிறோம். அந்த மழைக்காலத்தை ஊட்டியில் கழித்துவிட்டுத்தான் கல்கத்தா போனார்.

அந்த பிப்ரவரி 2-ம் தேதி அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. அரசுப் பணத்தில் சமஸ்கிருதம், அரபி சொல்லித் தருவதா, ஆங்கிலமா என்பதுதான் சண்டை. தனக்கு சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரிக்கு இந்திய, அரபு இலக்கியம் மொத்தமும் ஈடாகாது என்று தீர்ப்பு எழுதினார். ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியராக, ரசனையாலும் சிந்தனையாலும் ஆங்கிலேயராக இருக்கும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே பென்டிங்க் ஆங்கிலத்தின் பக்கம் உத்தரவு போட்டார்.

தமிழ்? பெயரே வரவில்லை. மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியமும் இல்லை, அறிவியலும் இல்லை என்று ஒரே வரியில் மொத்தமாக ஓரங்கட்டிவிட்டார். இத்தனைக்கும் அதே பிரிட்டிஷ் அரசின் சென்னை அதிகாரி எல்லிஸ், திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே எழுதியிருந்தார். திருக்குறளுக்கு உரையும் எழுதியவர். மெக்காலே சென்னையில் இறங்கியும் அதைத் தேடிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

இன்னொரு மெக்காலே

கல்வியைவிட நம்மை நேரடியாகத் தொட்டது அவரது சட்ட வேலை. பத்திரிகைகளுக்கு இருந்த தடைகளை நீக்கிய 1835 சட்டத்தை வரைந்தவர் இவர்தான். 1837-ல் குற்றவியல் சட்ட வரைவை முடித்துக் கொடுத்தார். அது 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறியது. யாரையாவது ‘ஃபோர் ட்வென்ட்டி’ என்று திட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் 420-வது பிரிவு. நிறைவேறியதைப் பார்க்க அவர் இல்லை. 1838-ல் நாடு திரும்பி, அமைச்சராகி, இங்கிலாந்து வரலாறு எழுதிப் புகழின் உச்சிக்குப் போய், 1859 டிசம்பர் 28-ல் இறந்துவிட்டார்.

பத்திரிகைகளைத் திறந்துவிட்ட அதே கை, வரைவில் ராஜதுரோகப் பிரிவையும் எழுதியிருந்தது. 1860 சட்டத்தில் விடுபட்ட அது, 1870-ல் 124ஏ ஆக உள்ளே வந்தது. 1908-ல் வ.உ.சி.க்குத் தண்டனை வாங்கித் தந்தது அதுதான். அதே ஆண்டு ‘இந்தியா’ பத்திரிகை மீதும் அது பாய, கைது நெருங்கியதும் பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார்.

இன்று மூலக்குளம் தாண்டி விழுப்புரம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு மாநில எல்லை ஒரு போர்டு மட்டும்தான். பாரதிக்கு அது மெக்காலேயின் சட்டம் முடியும் இடம். இந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். அதனால்தான் 10 வருஷம் இங்கே இருக்க முடிந்தது. 1918-ல் எல்லையைத் தாண்டிய உடனே கடலூர் பக்கம் கைதானார்.

பிரெஞ்சு ஆட்சி போன பிறகு, 1963-ல்தான் இந்திய தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதா இருக்கிறது. ராஜதுரோகம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் 152-வது பிரிவு அதே வேலையைச் செய்யும் என்று எதிர்ப்பாளர்கள் சொல்ல, அரசு மறுக்கிறது.