வெற்றிடக் குழல் தந்த பிளெமிங்

சர் ஜான் அம்புரோஸ் பிளெமிங் 1849ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மாக்ஸ்வெல்லிடம் பயின்றார்; இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியரானார். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து செய்தி அனுப்பியபோது, அதற்கான மின்பொறியை வடிவமைத்தவர் இவரே.

நாளடைவில் இவரது செவிப்புலன் குன்றியது. அந்நாளில் வானொலிச் சைகைகளைப் பல நேரங்களில் காதால் கேட்டு அறிய வேண்டியிருந்தது. ஆதலால், அவற்றைக் கண்ணால் அறியும் வழியை இவர் நாடினார். எடிசன் விளக்கினுள் சூடான இழைக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே செல்வதை முன்னரே ஆராய்ந்திருந்தார். 1904இல் அவ்விளக்கையே அலையுணர்வியாக்கினார். மின்னோட்டமானியின் அசைவில் சைகையைக் கண்டார். வெற்றிடக் குழல் இவ்வாறு பிறந்தது.

பின்னர் லீ டி பாரஸ்ட் அதில் மூன்றாம் உறுப்பைச் சேர்க்க, ஒலிபெருக்கும் குழல்கள் தோன்றின. ஆற்றல் மிகுந்த குழல்கள் கடும் வெப்பம் கொள்வன; குளிர்விக்காவிடில் அழிவன. எனவே, அமெச்சூர் வானொலியாளர் அவற்றைச் சுற்றிக் கண்ணாடிப் புகைபோக்கி அமைப்பர். விசிறி செலுத்தும் காற்று சிதறாமல் குழலைத் தழுவி மேலெழுந்து வெப்பத்தை அகற்றும்.

பிளெமிங் 1929இல் சர் பட்டம் பெற்று, 1945இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். செவி குன்றியவர் கண்ட கருவியே உலகம் வானொலி கேட்க வழிவகுத்தது.