வேலூர் தந்த செவிலியர்

வேலூர் என்றதும் கோட்டையை நினைப்பவர்களும் உண்டு. மருத்துவமனையை நினைப்பவர்களே மிகுதி. எங்கள் தாம்பரத்திலிருந்தும் பலர் அங்கு சிகிச்சைக்குச் செல்கின்றனர். அம்மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் அமெரிக்க மிஷனரி மருத்துவர்.

இளம்பெண் ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. 1890-ஆம் ஆண்டு, நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தத்தம் மனைவியைக் காப்பாற்றும்படி வேண்டினர். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வர மூவருமே உடன்படவில்லை. பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

அந்த இரவுதான் அவரை மருத்துவம் கற்க வைத்தது. 1899-இல் அமெரிக்காவில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனை எழுந்தது. ஆனால் ஒரு டாக்டருக்கு இரண்டு கைகள்தானே! அறுவை முடிந்தபின் இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்ப்பது யார்? பிரசவித்தவளுக்கு உதிரப்போக்கு மிகுந்தால் உடனே கண்டுகொள்வது யார்? அக்காலத்தில் நர்ஸ் வேலைக்குப் பெண்ணை அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. ஆண் வைத்தியர் தொடக்கூடாது, தம் வீட்டுப் பெண் கற்கவும் கூடாது என்றால் எப்படி? எனக்கு இது இன்றும் விளங்கவில்லை.

1909-இல் அம்மையார் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. 1946-இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பே தொடங்கியது. அதையும் கண்ணாரக் கண்ட அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் காலமானார்.

என் சித்தி குரோம்பேட்டையில் நர்ஸ். பொது வார்டிலிருந்து டயாலிசிஸ் பிரிவுக்கு மாறியபோது, பல ஆண்டு அனுபவம் இருந்தும் புதுப்பெண் போலப் பயந்தாராம். இயந்திரத்தில் மணி அடித்தால் முதலில் எதைப் பார்ப்பது, நோயாளியின் இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் என்ன செய்வது என்று மூத்த நர்ஸ் ஒருவர் பல வாரம் அருகில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். அதன்பின்தான் நோயாளியிடம் தனியே விட்டார்கள். அந்த மூத்த நர்ஸ் எங்கே படித்தவர் என்று கேட்டேன். வேலூரில் என்றார் சித்தி.