அஞ்சாத வானொலிக் குரல்: டாரதி தாம்சன்

வானொலிப் பெட்டியின் முன் குடும்பமே கூடியமர்ந்து உலகச் செய்திகளைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய அரசியலின் போக்கை அமெரிக்க மக்களுக்கு எடுத்து விளக்கியவர்களுள் முன்னணியில் நின்றவர் ஒரு பெண்மணி. அவரே டாரதி தாம்சன் அம்மையார். அவரது வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் பள்ளித் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விழைகிறோம்.

நியூயார்க் மாநிலத்திலுள்ள லங்காஸ்டர் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் டாரதி பிறந்தார். தந்தையார் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். மெதடிஸ்து சபையின் போதகர். ஏழு வயதிலேயே டாரதி தம் தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னைக்கும் சிறுமிக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே 1908இல் சிகாகோ நகரிலிருந்த அத்தைமாரிடம் அவர் அனுப்பப்பட்டார். பின்னர் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1914இல் பட்டம் பெற்றார். அப்போது நியூயார்க் மாநிலத்துப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. பட்டதாரியான டாரதி ஊர் ஊராகச் சென்று அவ்வுரிமைக்காக மேடையேறிப் பேசினார். 1917இல் அவ்வுரிமை கிட்டிற்று. பின்னாளில் இலட்சக்கணக்கானோர் கேட்ட அந்தக் குரல் இம்மேடைகளில்தான் பழகியது எனலாம்.

1920இல் அவர் கப்பலேறி ஐரோப்பா சென்றார். கையில் நிலையான வேலை ஏதுமில்லை. அயர்லாந்தில் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினியைச் சந்தித்துப் பேட்டி கண்டார். அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய அந்தக் கத்தோலிக்கப் பெருமகன் சில நாட்களுக்குள் கைதாகி, 74 நாள் உண்ணாநோன்பிருந்து இலண்டன் சிறையில் உயிர் நீத்தார். உலகமே அவரைப் பற்றிப் பேசியபோது டாரதியின் பேட்டியும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு, முடியிழந்த சார்லஸ் பேரரசர் ஹங்கேரி அரியணையை மீட்க முயன்று தோற்று, ஒரு மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். நிருபர்களை உள்ளே விடவில்லை. டாரதியோ செஞ்சிலுவைச் சங்கத்தாரோடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிட்டார்! அந்தப் பேரரசரைத்தான் 2004இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

வியன்னாவிலும், 1925 முதல் பெர்லினிலும் அவர் பணிபுரிந்தார். ஒரு பெரிய நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி நிலையத்துக்குப் பெண் ஒருத்தி தலைமை ஏற்பது அந்நாளில் அரிதினும் அரிது. 1928இல் நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸை மணந்தார். இரண்டாண்டு கழித்து இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. மைக்கேல் என்னும் மகன் பிறந்தான். ஆயினும் அம்மையாருக்கு இல்வாழ்வில் அமைதி கிட்டவில்லை. அதனை விரித்துரைப்பது நம் நோக்கமன்று.

1931இல் அவர் ஹிட்லரைப் பேட்டி கண்டார். நேரில் பார்த்ததும் அம்மனிதர் அற்பமானவர் என்றும், ஜெர்மனியின் சர்வாதிகாரியாக வரமாட்டார் என்றும் முடிவு கட்டி, அதனை நூலாகவும் வெளியிட்டார். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். அரசியல் ஆய்வாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சறுக்கல் உண்டா? வேறொருவராயின் வெட்கி, அப்பொருளையே தொடாமல் விட்டிருப்பார். டாரதியோ மீண்டும் ஜெர்மனிக்குச் சென்று, அங்கு நடந்த கொடுமைகளைக் கண்டு எழுதினார். 1934 ஆகஸ்டில் பெர்லினில் அவர் தங்கியிருந்த விடுதிக்கு இரகசியப் போலீசின் ஆணை வந்தது. 24 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது கட்டளை. அந்த ஆணையைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார் அவர்!

1936இல் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழில் வாரம் மும்முறை அரசியல் கட்டுரை எழுதத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாளிதழ்கள் அதனை வாங்கி வெளியிட்டன. அதே ஆண்டில் என்.பி.சி. வானொலி நிறுவனம் அவரை அரசியல் விளக்கவுரையாளராக அமர்த்தியது. எழுத்தறியாதவரும் வானொலியைக் கேட்கலாம் அல்லவா? அடுப்படியில் வேலை செய்தபடியே பெண்கள் கேட்டனர். ஹிட்லரால் போர் வரும், அகதிகளுக்கு வாயில் திறவுங்கள் என்று ஓயாது எச்சரித்தார். நாட்டில் பலர், ஐரோப்பியச் சண்டை நமக்கெதற்கு என்றிருந்தனர். எப்போதும் அழிவையே சொல்பவள் என்று அவரை எள்ளி நகையாடியவரும் உண்டு.

1938 நவம்பரில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெர்ஷல் கிரின்ஸ்பன் என்னும் 17 வயது யூத இளைஞன், தன் பெற்றோர் ஜெர்மனியிலிருந்து எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டதைக் கேட்டுப் பாரிஸ் நகரில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டுவிட்டான். அதையே சாக்காக வைத்து ஜெர்மனியெங்கும் யூதரின் தொழுகைக் கூடங்களும் கடைகளும் கொளுத்தப்பட்டன. கொலை கொலைதான்; அம்மையார் அதனைச் சரியென்று கூறவில்லை. அச்சிறுவனுக்காக யார் வாதாடுவார் என்பதே நவம்பர் 14ஆம் நாள் வானொலியில் அவர் எழுப்பிய கேள்வி. கேட்டவர்கள் கேளாமலே பணம் அனுப்பத் தொடங்கினர். நிதியொன்று அமைந்தது. யூதர்களிடமிருந்து அதற்கு நன்கொடை பெறுவதில்லை என்று முடிவு செய்தார். இது யூதர்களின் சதி என்று நாத்சிகள் தூற்ற இடமளிக்கலாகாது என்ற முன்யோசனையே காரணம். அப்பணத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். வழக்கோ நடைபெறவேயில்லை. 1940இல் பிரான்சு வீழ்ந்தபின் அவ்விளைஞன் ஜெர்மானியர் கையில் சிக்கினான்.

1939 பிப்ரவரியில் நியூயார்க்கில் நாத்சி ஆதரவாளர் சுமார் 20,000 பேர் கூடிய கூட்டத்தில், செய்தியாளர் வரிசையில் அமர்ந்து உரக்கச் சிரித்தார் டாரதி. காவலர் வெளியே கொண்டுபோய்விட்டனர். அவர் திரும்பவும் உள்ளே வந்து அமர்ந்தார். வகுப்பில் சிரித்து வெளியே அனுப்பப்படும் நம் தோழியர் இதனை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக! அவ்வாண்டு ஜூனில் டைம் வார இதழ் அவரது படத்தை அட்டையில் வெளியிட்டு, குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடி செல்வாக்குடைய பெண்மணி என்றது. செப்டம்பரில் போர் மூண்டதும் தொடர்ந்து 15 நாட்கள் இரவும் பகலும் வானொலியில் பேசினார்.

1942இல் சிற்றலை வானொலி வழியே ஜெர்மன் மொழியில், ஹான்ஸ் என்னும் நண்பரை விளித்து ஜெர்மானிய மக்களுக்கு உரையாற்றினார். உண்மைப் பெயரைச் சொன்னால் நண்பரின் தலை போய்விடும். அவர் ஹெல்முத் வான் மோல்ட்கே பிரபு என்று பலர் கருதுகின்றனர். நாத்சி எதிர்ப்புக் குழுவொன்றின் தலைவரான மோல்ட்கே 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அக்குழுவைச் சேர்ந்த சேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப் அடிகளாரும் சில நாட்களில் அதே முடிவை எய்தினார்.

போருக்குப் பின் பாலஸ்தீனம் சென்று வந்த அம்மையார், அங்கு வீடிழந்த அரபு மக்களுக்காகப் பரிந்து எழுதலானார். யூத அகதிகளுக்காகப் போராடியவரே இப்படி எழுதுகிறாரே என்று பழைய நண்பர் பலர் விலகினர். 1947இல் நியூயார்க் போஸ்ட் நாளிதழ் அவரது கட்டுரையை நிறுத்திற்று. அவர் எடுத்த நிலை சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நட்புக்காகவும் வருவாய்க்காகவும் அவர் வாயை மூடவில்லை என்பதில் ஐயமில்லை.

1961ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில், பேரக் குழந்தைகளைக் காணச் சென்றிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. வயது 67. வெர்மாண்ட் மாநிலத்தில் அவர் விரும்பி வாழ்ந்த பார்னார்டு என்னும் சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் அவர் பயின்ற சிராக்கியூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன.