தவளை தேடிய அம்மையார்

இரவில் சதுப்பு நிலத்தில் அலைந்தார். பகலில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினார்!

கோடை மழை பெய்து ஓய்ந்த இரவு. எங்கும் கும்மிருட்டு. சதுப்பு நிலத்தில் தவளைகள் கூச்சல் போடுகின்றன. பாம்பும் கொசுவும் நிறைந்த அந்த இடத்துக்கு ஆண்களே போகத் தயங்குவார்கள்.

ஆனால், கையில் விளக்கும், தோளில் ஈரத்துணிப் பையுமாக அங்கே போய், சேற்றில் நின்று, தவளைகளின் குரலைக் காது கொடுத்துக் கேட்டார் ஒரு பெண்மணி. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பல ஆண்டுகள்!

அவர்தான் பெர்த்தா லூட்ஸ் அம்மையார். தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டைச் சேர்ந்தவர். தவளைகளைப் பற்றி ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. அது மட்டுமா? பிரேசில் நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைக்கப் பாடுபட்டவரும் அவரே. ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கே பெண்களில் அவரும் ஒருவர்.

டாக்டரின் மகள்

பெர்த்தா 1894-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி சாவோ பாலோ நகரில் பிறந்தார். தந்தை அடால்போ லூட்ஸ் பேர் பெற்ற டாக்டர். தாயார் ஏமி பவுலர் இங்கிலாந்து நாட்டு நர்ஸ். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்யப் போன இடத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். பிறருக்கு உழைப்பது அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலேயே ஊறி இருந்தது.

அடால்போ லூட்ஸ் எதையும் நேரில் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்பதைப் பலர் நம்ப மறுத்த காலம் அது. அவரும் எமிலியோ ரிபாஸ் என்ற டாக்டரும், நோயாளியைக் கடித்த கொசுக்களைத் தங்கள் உடம்பிலேயே கடிக்கவிட்டுச் சோதித்தார்கள்!

காட்டுக்குள் ரெயில் பாதை போட்ட தொழிலாளர்கள் மலேரியாவில் விழுந்தார்கள். பக்கத்தில் குளமும் இல்லை, குட்டையும் இல்லை. பிறகு கொசு எங்கிருந்து வந்தது? மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ஒரு வகைச் செடியை லூட்ஸ் பிரித்துப் பார்த்தார். அன்னாசிச் செடியின் இனத்தைச் சேர்ந்தது அது. அதன் இலைகளின் அடியில் கிண்ணம் போல் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன! மரத்தின் மேலேயே மலேரியா உற்பத்தியாவதை அவர் கண்டுபிடித்தார்.

அதே இலைக் கிண்ணங்களில் சின்னஞ்சிறு தவளைகளும் குடியிருந்தன. டாக்டருக்குத் தவளைகள் மீது ஆசை பிறந்தது. அந்த ஆசை மகளையும் தொற்றிக்கொண்டது. தந்தை காடு மேடெல்லாம் அலைந்தபோது, மகளும் கூடவே போனார்.

பாரிசில் படிப்பு

பெர்த்தா பாரிஸ் நகருக்குப் போய், புகழ் பெற்ற சோர்போன் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். 1918-ம் ஆண்டு பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். ஐரோப்பாவில் பெண்கள் உரிமை கேட்டுப் போராடியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பிரேசிலிலோ பெண்களுக்கு ஓட்டு இல்லை. கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி வேலைக்குப் போகவும் முடியாது.

1919-ம் ஆண்டு, ரியோ டி ஜெனீரோ நகரில் உள்ள தேசியப் பொருட்காட்சி சாலையில் ஓர் உத்தியோகம் காலியாயிற்று. அதற்குப் போட்டிப் பரீட்சை வைத்தார்கள். ஆண்கள் பலர் எழுதினார்கள். பெர்த்தாவும் எழுதினார். முதலாவதாக வந்தார்! பிரேசில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த இரண்டாவது பெண் அவர். அப்போது வயது 25.

அந்தப் பொருட்காட்சி சாலை, முன்பு பிரேசில் சக்கரவர்த்தியின் அரண்மனையாக இருந்த கட்டடம். 1964-ம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை பெர்த்தா அங்கேதான் வேலை பார்த்தார்.

இருட்டில் தேடுவது எப்படி?

தவளையைப் பகலில் தேடினால் அகப்படாது. இலைக்கு அடியிலும், மரப்பொந்திலும், சேற்றிலும் ஒளிந்துகொள்ளும். இரவில்தான் வெளியே வரும். அதிலும் வெப்பமும் மழையும் சேர்ந்த மாதங்கள்தான் தவளைகளுக்குக் கல்யாண காலம். பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் காலம்.

ஆண் தவளைதான் கத்தும். பெண் தவளையை அழைக்கும் குரல் அது. ஒவ்வொரு ஜாதித் தவளைக்கும் ஒவ்வொரு குரல். ஒன்று சீட்டி அடிக்கும். ஒன்று கொட்டு அடிக்கும். ஒன்று குழந்தை அழுவது போல் இருக்கும். பழகிய காது, குரலைக் கேட்ட உடனே இது இன்ன தவளை என்று சொல்லிவிடும்.

ஆனால் ஆள் அரவம் கேட்டால் தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். அப்போது அசையாமல் நிற்க வேண்டும். விளக்கை மறைத்துக்கொள்ள வேண்டும். சிறிது நேரம் கழித்து ஒன்று மெல்லத் தொடங்கும். பிறகு மற்றவை சேர்ந்துகொள்ளும். குரல் வந்த பக்கம் அடி மேல் அடி வைத்துப் போய், சட்டென்று வெளிச்சம் காட்டினால், கண்கள் மணி போல் மின்னும்.

ஆபத்தும் உண்டு. தவளையைத் தேடி மனிதர் மட்டும் வருவதில்லை, பாம்பும் வரும். ஜரராக்கா என்ற கொடிய விஷப் பாம்பு பிரேசிலில் ஏராளம். அதுவும் இரவில்தான் இரை தேடும். ஆகவே, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும்.

பிடித்த தவளையை ஈரத்துணிப் பையில் போட்டுக்கொள்வார்கள். எந்த இடம், எந்த நேரம், எந்தச் செடி, எப்படிக் கத்தியது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். சாராயத்தில் ஊறப் போட்டால் தவளையின் நிறம் மங்கிவிடும். அதனால், உயிரோடு இருக்கும்போதே அதை வர்ணப் படமாக எழுதிவைப்பதும் உண்டு.

இந்த வேலையில் லூட்ஸ் குடும்பத்துக்கு வலது கை போல் இருந்தவர் ஜோக்கிம் வெனான்சியோ என்ற கறுப்பின ஊழியர். அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் தவளைகளைத் தேடிப் பிடிப்பதில் கைதேர்ந்தவர். தந்தையின் காலத்துக்குப் பிறகு, மகளுக்கும் அவர் துணையாக இருந்தார். இன்று ரியோ நகரில் ஒரு சுகாதாரத் தொழில்நுட்பப் பள்ளிக்கூடம் அவர் பெயரால் நடக்கிறது.

1935-ம் ஆண்டு, அமெரிக்காவில் இருந்து டாரிஸ் காக்ரன் என்ற பெண் விஞ்ஞானி பிரேசிலுக்கு வந்தார். லூட்ஸ் குடும்பத்தின் உதவியோடு தவளைகளைச் சேகரித்தார். பின்னாளில் அந்தப் பகுதித் தவளைகளைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதினார்.

கொல்லன் தவளை

பெர்த்தா கவனித்துப் பார்த்த தவளைகளில் ஒன்றுக்குக் கொல்லன் தவளை என்று பெயர். அது கத்தினால், பட்டறையில் இரும்பை அடிப்பது போல் டங், டங் என்று கேட்கும்.

அது குளத்தோரச் சேற்றில் வட்டமாகச் சுவர் எழுப்பும். சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு தொட்டி உருவாகும். இந்த வீட்டைக் கட்டுவது ஆண் தவளை! பெண் தவளை வந்து அதற்குள் முட்டை இடும். குளத்து மீன்கள் அந்தச் சுவரைத் தாண்டி வந்து முட்டைகளைத் தின்ன முடியாது.

வேறு ஆண் தவளை அங்கே வந்தால் சண்டைதான். கட்டைவிரல் பக்கத்தில் உள்ள முள்ளால் ஒன்றை ஒன்று தாக்கிக்கொள்ளும். மரத்தவளைகள் இப்படித் தங்கள் எல்லைக்காகச் சண்டை போடுவதைப் பற்றி 1960-ம் ஆண்டில் பெர்த்தா ஒரு கட்டுரை எழுதினார்.

தவளை என்றால் தண்ணீரில் முட்டை இடும், தலைப்பிரட்டை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். பிரேசில் காட்டில் இதற்கு மாறான தவளைகள் பல. இலையைச் சுருட்டி அதற்குள் முட்டை இடும் தவளை உண்டு. முட்டைகளை முதுகில் சுமக்கும் தவளை உண்டு. தலைப்பிரட்டையே இல்லாமல், முட்டையில் இருந்து நேராகக் குட்டித் தவளையாக வெளிவருவதும் உண்டு. தவளைகள் எப்படிச் சிறிது சிறிதாகத் தண்ணீரை விட்டு விலகுகின்றன என்று 1947, 1948-ம் ஆண்டுகளில் பெர்த்தா எழுதிய கட்டுரைகளை மற்ற நாட்டு விஞ்ஞானிகளும் படித்தார்கள்.

ஓட்டுரிமைப் போர்

தவளை ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் போராட்டமும் நடந்தது. 1922-ம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நடந்த பெண்கள் மகாநாட்டுக்குப் பெர்த்தா பிரேசிலின் பிரதிநிதியாகப் போனார். திரும்பி வந்ததும், பெண்கள் முன்னேற்றத்துக்கான சம்மேளனத்தைத் தொடங்கினார்.

பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். தலைவர்களைப் பார்த்துப் பேசினார்கள். 1928-ம் ஆண்டு விமானத்தில் ஏறி, வானத்தில் இருந்து துண்டுப் பிரசுரங்களை வீசினார்கள்!

கடைசியில், 1932-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, பிரேசில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. கல்யாணமான பெண் ஓட்டுப் போட கணவனின் அனுமதி வேண்டும் என்று முதலில் எழுதி இருந்தார்கள். பெண்கள் விடவில்லை. அந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. ஆணானாலும் பெண்ணானாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை. அந்தத் தடை 1985-ம் ஆண்டில்தான் நீங்கியது. அதுவரை, கையெழுத்துப் போடத் தெரியாத ஏழைத் தாய்மார்கள் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

சட்டம் தெரியாமல் உரிமை கேட்க முடியாது என்று, பெர்த்தா சட்டக் கல்லூரியிலும் படித்து 1933-ல் பட்டம் பெற்றார். 1936-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். பெண் தொழிலாளர்களின் சம்பளத்துக்காகவும், பிரசவ கால விடுமுறைக்காகவும் பாடுபட்டார். ஆனால் 1937 நவம்பரில் ஜனாதிபதி வர்காஸ் சர்வாதிகாரி ஆகி, பார்லிமெண்டையே மூடிவிட்டார்.

பெர்த்தா மனம் உடைந்துவிடவில்லை. அவருக்குப் பொருட்காட்சி சாலை இருந்தது, தவளைகள் இருந்தன. 1940-ல் தந்தை காலமானார். அவர் சேர்த்துவைத்த தவளைகளை எல்லாம் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மகள் தலையில் விழுந்தது.

உலக சபையில்

1945-ம் ஆண்டு, உலக யுத்தம் முடியும் நேரம். சான் பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஐக்கிய நாடுகள் சபைக்குச் சாசனம் எழுதினார்கள். வந்தவர்கள் சுமார் 850 பேர். சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்களோ நான்கே பேர்!

சாசனத்தில் பெண்கள் என்ற சொல்லைத் தனியே சேர்க்க வேண்டும் என்று பெர்த்தா வாதாடினார். டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ அம்மையாரும் அவரோடு நின்றார். அது தேவையில்லை என்று மறுத்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கா, பிரிட்டன் போன்ற பெரிய நாடுகளில் இருந்து வந்திருந்த பெண்களே! ஆனால் பெர்த்தா பின்வாங்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்பது சாசனத்தில் இடம் பெற்றது. பெண்களின் நிலையைக் கவனிக்க ஒரு தனிக் குழு வேண்டும் என்றும் அவர் கேட்டார். 1946-ல் அந்தக் குழுவும் அமைந்தது.

கடைசி வரை உழைப்பு

பெர்த்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1973-ம் ஆண்டு, பிரேசில் நாட்டு மரத்தவளைகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 80-ஐ நெருங்கிவிட்டது. 1975-ல் மெக்சிகோ நகரில் நடந்த உலகப் பெண்கள் மகாநாட்டுக்கும் போய்வந்தார். 1976-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி ரியோ நகரில் காலமானார்.

அவர் பெயரால் ஒரு சிறு மரத்தவளை உண்டு. தண்ணீருக்கு மேல் தொங்கும் இலையில் முட்டை இடும் இனம் அது. ரியோ கடற்கரை மணலில் வாழும் ஒரு பல்லி இனத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் கடற்கரை எங்கும் வீடுகள் பெருகிவிட்டதால், அந்தப் பல்லி இன்று அழியும் நிலையில் இருக்கிறது. அவர் காலத்திலேயே ரியோவைச் சுற்றி இருந்த சதுப்பு நிலங்களில் தண்ணீரை வடித்து, மேடாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2018-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி இரவு, அவர் வேலை பார்த்த பொருட்காட்சி சாலை தீப்பிடித்து எரிந்தது. 200 ஆண்டுகளாகச் சேர்த்த பொக்கிஷங்கள் சாம்பலாயின. பெர்த்தாவின் காகிதங்களும் அங்கே இருந்தன.

ஆனால் தவளைகள் தப்பின! முதுகெலும்பு உள்ள பிராணிகளின் சேகரிப்பு வேறு கட்டடத்தில் இருந்ததே காரணம். சேற்றில் நின்று, கொசுக்கடி பட்டு, தந்தையும் மகளும் வெனான்சியோவும் பிடித்துவந்த தவளைகள் இன்றும் கண்ணாடி ஜாடிகளில் இருக்கின்றன. எந்தத் தவளை எந்தச் சதுப்பில் வாழ்ந்தது என்பதற்கு அவையே சாட்சி. சில சதுப்புகள் இன்று இல்லை. சாட்சி மட்டும் இருக்கிறது.