டாக்டர் சுப்பாராவ்: நொதியத்தை ஏமாற்றிய மருந்து

மாத்தளை மாவட்டத்திலே இறத்தோட்டை, எல்கடுவைப் பகுதிகளின் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். வாடிய பச்சைக் கொழுந்து உருட்டும் பொறியிற் கசங்கி வந்ததும், சிறிது நேரத்துள் செம்பு நிறமுற்று மணம் வீசத் தொடங்குகிறது. இதனை நொதித்தல் என்று வழங்கினும் இது நுண்ணுயிர்களின் செயலன்று. இலையின் கலங்களிலுள்ள நொதியம் ஒன்றின் செயலே. இலை சிதையாதிருக்கும்வரை அந்நொதியமும் அது தாக்கவேண்டிய பொருளும் கலத்துள் வெவ்வேறு அறைகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. கசங்கியதும் தடுப்புகள் உடைகின்றன. காற்றின் ஒட்சிசனும் சேர, வேலை தொடங்குகிறது. பின்னர் உலர்த்தும் பொறியின் வெப்பம் நொதியத்தை அழித்து அவ்வேலையை நிறுத்துகிறது.

உயிருள்ள கலத்துக்கோ இத்தகைய அடுப்பு இல்லை. ஆயிரக்கணக்கான நொதியங்களை அது வேண்டும்போது முடுக்கியும் வேண்டாதபோது அடக்கியும் ஆளவேண்டும். அந்த ஆட்சியின் இரகசியத்தை அறிய அடிகோலியோருள் ஒருவர், சென்னையிலே மருத்துவம் பயின்ற ஆந்திரரான எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமாவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் முறையே தேறினார் என்பதை நம் மாணவர்கள் கருத்திற் கொள்ளலாம். பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமை ஆங்கிலப் பேராசிரியர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிட்டியது. 1921இல் அவருடைய தமையனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் மாண்டனர். இருவரையும் கொண்டுபோனது, உண்ட உணவின் சத்து உடலிற் சேராது இரத்தம் குன்றச் செய்யும் ஸ்புரு என்னும் குடல்நோய்.

பின்னர் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகர் சேர்ந்தார். பின் அவர் திரும்பவேயில்லை. மருத்துவமனையொன்றில் இரவு வேலை செய்து பிழைத்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பொசுபரசை நீல நிறத்தின் செறிவு கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். எளிய கருவியே; ஆனால் பொஸ்பேற்றை வெட்டும் நொதியம் எத்துணை வேலை செய்தது என்பதை அதனால் எண்ணிச் சொல்ல இயன்றது. அம்முறையே 1927இல் தசையிலுள்ள கிரியேற்றின் பொஸ்பேற்றையும், 1929இல் ஏ.ரி.பி. எனப்படும் சத்திச் சேர்மத்தையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. ஏ.ரி.பி.யை அதே ஆண்டில் ஜேர்மனியில் லோமன் என்பாரும் தனித்துக் கண்டார்.

தசை சுருங்கும்போது ஏ.ரி.பி. செலவாகிறது, கிரியேற்றின் பொஸ்பேற்று தன் பொஸ்பேற்றை ஈந்து அதனை மீட்கிறது, ஓய்விலே கடன் திருப்பப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டையும் ஒரே நொதியம் நடத்துகிறது. பிற்காலத்தார் கண்டது இதனினும் வியப்பு. ஏ.ரி.பி. கலத்தில் மிகுந்துவிட்டால், அதுவே குளுக்கோசை உடைக்கும் பாதையிலுள்ள ஒரு நொதியத்தின் பக்கவாயிலில் ஒட்டி அதன் வேகத்தைத் தணிக்கிறது. குறைந்தால் விலகி வழிவிடுகிறது. விளைபொருளே காவலனுமாகிறது!

இத்தகையவருக்கு ஹாவாட்டில் நிலையான பதவி கிட்டவில்லை என்பது அப்பல்கலைக்கழகத்துக்குப் புகழ் சேர்ப்பதன்று. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனம் சென்றார். 1945இல் அவரது குழு போலிக்கமிலத்தை ஆய்வுகூடத்திலே ஆக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புருவுக்கு அது மருந்தாயிற்று. கலம் பிரிவதற்குப் போலிக்கமிலம் ஒரு நொதியத்தால் உருமாற்றம் பெறவேண்டும். அக்குழுவினர் அம்மூலக்கூற்றின் ஒரு மூலையை மட்டும் மாற்றி, ஐதரொட்சில் இருந்த இடத்தில் அமினோக் கூட்டத்தை அமர்த்தினர். நொதியம் இப்போலியை மெய்யென்றே பற்றுகிறது. பற்றியபின் எளிதில் விட இயலாது வேலையற்றுக் கிடக்கிறது. விரைந்து பெருகும் புற்றுக்கலம் அதனாலே தேங்குகிறது. அமினோப்ரெரின் என்னும் அம்மருந்தைப் பொஸ்ரனில் சிட்னி பாபர், இரத்தப்புற்றுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கியது. நிலையான குணமன்று, ஆயினும் அக்குழந்தைகளின் நோயில் அதுவரை எம்மருந்தும் அவ்வாறு பயன் தந்ததில்லை. அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேற் இன்றும் இரத்தப்புற்றுக்கும் மூட்டுவாதத்துக்கும் வழங்கப்படுகிறது.

யானைக்கால் நோய்க்குரிய ஹெற்றசானும் 1947இல் அவரது குழுவின் ஆக்கமே. நமது கரையோர மக்கள் விழுங்கிய அம்மாத்திரையின் துணையாலும், அந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இலங்கையில் இனி இல்லையென்று 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பாபரின் அறிக்கை 1948 ஜூனில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயோர்க்கில் சுப்பாராவ் உறக்கத்திலே மாரடைப்பால் இறந்தார். அவர்தம் மருந்து சிறைப்படுத்திய நொதியம் இன்னதென்று ஆய்வாளர் உறுதிசெய்தது 1950களின் பிற்பகுதியிலேதான்.