விருது கிடைத்தது, தியேட்டர் கிடைக்கவில்லை!

வைப்பினில் படகேறினால் எதிர்க்கரை ஃபோர்ட் கொச்சி. இறந்துபோன வாலிபனின் தாய்க்குச் சேதி சொல்ல வயநாட்டிலிருந்து கிளம்பும் கதை 'அம்ம அறியான்'. அந்தப் பயணம் முடிவது கொச்சியில்தான். எடுத்தவர் டைரக்டர் ஜான் ஆபிரகாம். தமிழர்களுக்கும் அவர் வேண்டியவரே.

1937-ல் குட்டநாட்டில் பிறந்தவர். பெல்லாரியில் எல்.ஐ.சி. உத்தியோகம். அதை உதறிவிட்டு புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். (எத்தனை குமாஸ்தாவுக்கு அந்தத் துணிச்சல் வரும்?)

1977-ல் அவர் தமிழில் எடுத்த படம் 'அக்ரகாரத்தில் கழுதை'. தாயை இழந்த கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் வளர்க்கிறார், அக்ரகாரம் கொதிக்கிறது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்பும் கிளம்பியது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் படம் முறையாக வெளிவரவே இல்லை. பிற்பாடு தூர்தர்ஷனும் ஒளிபரப்புவதாகச் சொல்லிக் கைவிட்டது.

இனி வினியோகஸ்தரே வேண்டாம் என்று, 1984-ல் நண்பர்களோடு 'ஒடேசா' இயக்கம் தொடங்கினார். சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் சில்லறையாக வசூலித்தார்கள். அந்தக் காசில் 1986-ல் உருவானதுதான் 'அம்ம அறியான்'. அதையும் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்களிலேயே காட்டினார்கள்.

மறு ஆண்டு, 1987 மே 31-ல், கோழிக்கோட்டில் ஒரு கட்டிடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் இறந்தார். வயது 49.