பேராயர் ஷெல்டெருப்: நித்திய நரகத்தை ஏற்க மறுத்தவர்

ஒஸ்லோ நகரின் நடுவே, கல்மையர் வீதியில், ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய மிஷன் மண்டபம் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. 1972 இல் அது இடிக்கப்பட்டது. 1953 ஜனவரி 25 ஆம் நாள் அம்மண்டபத்திலிருந்து வானொலியில் ஒலித்த பிரசங்கம் ஒன்று நோர்வே மக்களை ஓராண்டுக்கு மேலாக இரு கூறாக்கியது. நிகழ்த்தியவர், ஒஸ்லோவில் நெடுங்காலம் இறையியல் கற்பித்த பேராசிரியர் ஊலே ஹல்லெஸ்பி. மனந்திரும்பாத ஒருவர் அந்தக் கணமே விழுந்து இறப்பாராயின் நேரே நரகத்திற்கே செல்வார் என்றும், அத்தகையோர் இரவில் எவ்வாறு நிம்மதியாகக் கண்ணயர முடிகின்றது என்றும் அவர் கேட்டார். அதற்கு மறுப்புரைத்தவர் ஹாமார் மறைமாவட்டப் பேராயர் கிறிஸ்தியான் ஷெல்டெருப். நாம் இங்கு நினைவுகூர விழைவது அவரது வாழ்வையே.

1894 இல் நோர்வேயின் தென்கரையிலுள்ள டீப்வோக் என்னும் ஊரில் ஷெல்டெருப் பிறந்தார். தந்தையாரும் பேராயராக விளங்கியவர். சகோதரர் ஹரால்ட், ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் உளவியற் பேராசிரியர். இளமையிலேயே திருச்சபையின் மரபுக் கொள்கைகளை வினாவுக்குட்படுத்திய கிறிஸ்தியான், கீழைநாடுகளுக்குப் பயணஞ்செய்து பிற சமயங்களையும் ஆராய்ந்தார். இயேசு யார், திருச்சபை அவரை யாராக ஆக்கிற்று என்பதைப் பற்றி 1924 இல் அவர் எழுதிய நூல் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. 1938 இல் அண்டர்ஸ் வில்லருடன் இணைந்து லில்லேஹாமர் நகரில் நான்சன் கல்லூரியை நிறுவினார். அகதிகளுக்கெனக் கடவுச்சீட்டு ஒன்றை உருவாக்கித் தந்த பிரித்யோஃப் நான்சனின் பெயரையே அக்கல்லூரி தாங்கி நிற்கின்றது.

ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஷெல்டெருப் சிறைப்பட்டார். ஹல்லெஸ்பியும் 1943 இல் கைதாகிப் போர் முடியும்வரை கிரினி முகாமில் அடைபட்டிருந்தார். பின்னாளில் எதிரெதிராக நின்ற இருவருமே மனச்சான்றின் பொருட்டுத் துன்புற்றவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

1947 இல் ஷெல்டெருப் பேராயரானார். 1953 இல் அவர் எழுப்பிய மறுப்பின் சாரம் இதுவே: அன்பின் மதத்தில் முடிவற்ற நரக தண்டனைக்கு இடமில்லை, இறுதி நாளில் தீர்ப்பிடப்போகின்றவர் மானிட மகனேயன்றி இறையியலாளர் அல்லர்.

யார் மீட்படைவர் என்னும் வினாவுக்கு வேதாகமம் ஒரே குரலில் விடை பகர்வதாகத் தோன்றவில்லை. வாழ்வுக்குச் செல்லும் வாயில் இடுக்கமானது, அதைக் கண்டடைவோர் சிலரே என்கின்றது மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம். நம்பாதவன் தண்டனைத் தீர்ப்புப் பெறுவான் என்கின்றது மாற்குவின் இறுதி அதிகாரம். ஆனால், எல்லா மனிதரும் மீட்புப் பெறவேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்கின்றது தீமோத்தேயுவுக்கான முதற் கடிதம். ஆதாமில் யாவரும் இறப்பதுபோலக் கிறிஸ்துவில் யாவரும் உயிர்பெறுவர் எனக் கொரிந்தியருக்கு எழுதுகின்றார் பவுல். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் அனைத்தும் இறுதியில் கடவுளிடம் மீளும் எனக் கருதினார். பின்வந்த அகுஸ்தீன் அதனை மறுத்தார். நோர்வேத் திருச்சபை ஏற்றுள்ள 1530 ஆம் ஆண்டின் அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையோ, தண்டனைக்கு முடிவுண்டு என்போரைத் தன் பதினேழாம் பிரிவில் கண்டிக்கின்றது.

பேராயருக்கு நெருக்கடி எழுந்தது இவ்விடத்திலேதான். அக்காலத்தில் திருச்சபை அரசின் திருச்சபையாதலால், தாம் பதவியில் நீடிக்கலாமா என்பதை ஆராயுமாறு அவரே அமைச்சைக் கேட்டார். சட்ட அறிஞர் பிரேடே காஸ்ட்பெர்க், பேராயர் விசுவாச அறிக்கைக்கு வெளியே சென்றுவிட்டார் எனக் கருத்துரைத்தார். எனினும், அவர் வெளியே செல்லவில்லை என அரசு 1954 பெப்ரவரியில் முடிவு செய்தது.

1961 இல் வாங் தேவாலயத்தில் இங்ரிட் பியர்க்கோஸ் அம்மையாரை நோர்வேயின் முதற் பெண் குருவாக ஷெல்டெருப் திருநிலைப்படுத்தினார். ஏனைய பேராயர்களிற் பெரும்பாலோர் அதை எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பரில் ஹல்லெஸ்பி காலமானார். 1964 இல் ஓய்வுபெற்ற ஷெல்டெருப் 1980 இல் மறைந்தார்.

இவ்வழக்கில் எப்பக்கம் உண்மை என நாம் தீர்ப்பிட முற்படவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. முடிவற்ற தண்டனைக்கு வலுவான சான்றாக எடுத்துக்காட்டப்படுவது மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரம். அங்கே அரசர் அமர்ந்து மக்களைப் பிரிக்கின்றபோது, எக்கொள்கையை ஏற்றாய் என வினவுவதில்லை. பசித்தவனுக்கு உணவளித்தாயா, சிறையிலிருந்தவனைச் சென்று கண்டாயா, அந்நியனை உன் வீட்டில் ஏற்றுக்கொண்டாயா என்பனவே அங்கு கணக்கிற் கொள்ளப்படுகின்றன. நரகம் உண்டென்போரும் இல்லையென்போரும் அந்த அதிகாரத்தை ஒருங்கே வாசிக்க வேண்டியவர்கள். அந்நியராய் இந்நாட்டின் வாயிலுக்கு வந்து நின்ற நாம், நாளை நம் வாயிலில் வந்து நிற்போரையும் எண்ணி அதை வாசித்தல் நன்று.